எந்நேரமும் ஒரு மணி

காலை ஏழே முக்காலுக்கு மோட்டார்சைக்கிளின் சாவியைத் திருப்புகிறேன். திரை விழிக்கிறது. சின்னம் மங்கலாக வந்து தெளிகிறது, ஆர்பிஎம் கோடு கடைசி வரை ஓடிப்போய்த் திரும்பி வருகிறது, டேங்குக்குள் ஃப்யூயல் பம்ப் இரண்டு நொடி ‘விர்’ரென்று முனகி நிற்கிறது. மணி 7:46, சரியாகத்தான் இருக்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்துகிறேன். திரை அணைந்துவிடுகிறது. இன்ஜின் ஒரு திணறலுக்குப் பிறகு பிடித்துக்கொள்கிறது. திரை மறுபடி விழிக்கிறது. மறுபடி சின்னம், மறுபடி அந்தக் கோட்டின் ஓட்டம். எல்லாம் முடிந்து எண்கள் வந்து உட்காரும்போது மணி 1:00. ட்ரிப் மீட்டரில் 0.0.

இப்படியே நான்கு மாதம் போனது. முதல் சில வாரம் தினமும் மணியைத் திருத்தினேன். சுவிட்சை அழுத்திப் பிடித்து, மெனுவுக்குள் போய், மணிக்கு ஒரு தரம், நிமிடத்துக்கு ஒரு தரம். பிறகு விட்டுவிட்டேன். கையில் கடிகாரம் இருக்கிறது, செல்போன் இருக்கிறது, வண்டியில் மணி பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். ட்ரிப் மீட்டர் அழிவதுதான் உறுத்தியது. டேங்கை நிரப்பும்போதெல்லாம் அதைப் பூஜ்யமாக்கி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய பெட்ரோலால் வகுத்துப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். செயின் இறுகியிருந்தாலும் டயரில் காற்று குறைந்திருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கணக்குதான். அது அறுந்துபோனது. மொத்தம் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டர் மட்டும் அழியவில்லை. அது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுகிறது. மணிக்கும் ட்ரிப்புக்கும் என் வண்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இந்த நான்கு மாதத்தில் ஒரு பேட்டரி மாற்றினேன். திரையோடு சேர்ந்த மீட்டரையே மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கும் வந்துவிட்டேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதுதான் வண்டி சரியான பிறகும் என்னை விடாமல் குடைந்துகொண்டிருக்கிறது.

கிக்கர் போன பிறகு

பழைய கார்புரேட்டர் வண்டியில் பேட்டரி நலிந்தால் வண்டியின் உடம்பே சொல்லிவிடும். ஹார்ன் கரகரக்கும். இண்டிகேட்டர் சோம்பலாக மினுக்கும். ரேஸ் கொடுத்தால் ஹெட்லைட் பிரகாசமாகி, விட்டால் மஞ்சளாகிவிடும். செல்ஃப் எடுக்காவிட்டாலும் கிக்கர் இருந்தது. இரண்டு உதை உதைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். பல வண்டிகளில் பேட்டரி செத்தே போயிருந்தாலும் ஸ்பார்க் தனியாக வந்துகொண்டிருக்கும். கவாசாகி 1980-லேயே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்த மோட்டார்சைக்கிளை விற்றது என்றாலும், சின்ன வண்டிகள் வரை அது இறங்கி வந்தது மாசு விதிகள் இறுகிய பிறகுதான். இப்போது முதல் ஸ்பார்க்குக்கு முன்பே பம்ப் ஓடி அழுத்தம் ஏற வேண்டும், பல வண்டிகளில் ஏறத்தாழ 3 பார். இன்ஜினை நடத்தும் சின்னக் கணினியான இசியு விழித்திருக்க வேண்டும். இன்ஜெக்டர் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பேட்டரிதான். அது முழுதாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் பலிக்காது.

இதில் நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. பேட்டரியின் தேவை இவ்வளவு கூடிய அதே காலத்தில், அதன் நிலையைச் சொல்லும் அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவிட்டன. எல்இடி ஹெட்லைட்டுக்குள் ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. உள்ளே வரும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் விளக்குக்குப் போகும் கரண்ட்டை அது மாறாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வெளிச்சம் மங்குவதில்லை. எல்இடி இண்டிகேட்டரும் அதே வேகத்தில்தான் மினுக்குகிறது. இழை பல்பு தன் சோர்வை மறைக்காமல் காட்டியது. புதிய விளக்கு கடைசி நிமிடம் வரை ஒன்றும் நடக்காததுபோல எரிகிறது. மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி திரைதான். அதுவும் பேசுவது தனக்குத் தாங்காமல் போகும்போது மட்டும்தான்.

ஸ்கேனரில் ஓடிய எண்

முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். “பேட்டரி வீக் சார்” என்றார் அங்கே இருந்தவர். பேட்டரிக்கும் வயதாகியிருந்தது. மாற்றினோம். மூன்று வாரம் எந்தத் தொந்தரவும் இல்லை. ட்ரிப் கணக்கு மறுபடி ஆரம்பித்தேன். நான்காவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை, மணி ஒன்று. புதிய பேட்டரி சுமையைத் தாங்கிப் பிடிக்கும் தெம்போடு வரும். பழையது தடுமாறும் இடத்தில் அது கொஞ்ச நாள் தடுமாறாது. அந்தத் தெம்புதான் உண்மையான கோளாறை மூன்று வாரம் மூடி வைத்தது என்பது அப்போது தெரியவில்லை. புது பேட்டரி போட்டும் போகவில்லையே, அப்படியானால் மீட்டரில்தான் கோளாறு என்று நானாகவே அடுத்த படிக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் முறை போனபோது ஸ்கேனரைச் சொருகினார்கள். ஐந்து கோடுகள் வந்தன. பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு அறுந்தது என்று ஒன்று, மீட்டரோடு தொடர்பு அறுந்தது என்று ஒன்று, அப்படியே மற்றவையும். இன்றைய வண்டிகள் பலவற்றில் இசியு, ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் கேன் என்கிற இணைப்பு வழியாகப் பேசிக்கொள்கின்றன. அதைப் போஷ் நிறுவனம் 1986-ல் கார்களுக்காக அறிமுகப்படுத்தியது. முறுக்கிய இரண்டே ஒயர்கள். யார் எப்போது பேசுகிறார் என்பதை எல்லோரும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் திடீரென்று மௌனமானால் மற்றவர்கள் அதைக் குறித்து வைப்பார்கள். வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து மீட்டரும் ஏபிஎஸ்ஸும் மயங்கி எழுந்தால், அந்த ஒரு கணத்துக்கு இத்தனை பெயரில் புகார் பதிவாகும். ஐந்து கோடுகளைப் பார்த்தால் ஐந்து நோய்போலத் தோன்றும். அப்படித்தான் எங்களுக்கும் தோன்றியது. “மீட்டர் அசெம்பிளி மாத்திப் பாக்கலாம் சார்” என்றார். நான் தலையாட்டினேன்.

தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ஸ்கேனர் திரையின் ஓரத்தில் ஓர் எண் கண்ணில் பட்டது. பேட்டரி வோல்டேஜ், 12.4. சாவியை அணைத்துப் போட்டபோது 12.5 ஆகி, பம்ப் ஓடும்போது 12.1-க்கு இறங்கி மறுபடி ஏறியது. யாரும் வெளியிலிருந்து எந்த ஒயரையும் பேட்டரியில் மாட்டவில்லை. அந்த எண் வண்டிக்குள்ளேயே இருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அது அங்கே இருந்தே ஆக வேண்டும். இன்ஜெக்டர் என்பது ஒரு காந்தச் சுருளால் திறக்கும் வால்வு. வோல்டேஜ் குறைந்தால் அது மெதுவாகத் திறக்கும். அதே நேரத்துக்குச் சைகை கொடுத்தால் பெட்ரோல் குறைவாகப் போகும். அதனால் இசியு ஒவ்வொரு கணமும் பேட்டரியை அளந்து, குறைந்த வோல்டேஜுக்கு ஏற்பச் சைகையை நீட்டிக்கொண்டே இருக்கிறது. அதாவது நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து அது அந்த எண்ணைப் படித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, உள்ளங்கையை விடப் பெரிய வண்ணத் திரை ஒன்று இருக்கிறது. யார் போன் செய்கிறார்கள் என்று அதில் வரும், எந்தப் பாட்டு ஓடுகிறது என்று வரும், அடுத்த சர்வீஸ் தேதி வரும். பேட்டரி எத்தனை வோல்ட் என்று வராது. சில வண்டிகளில் மெனுவுக்குள் போனால் காட்டுகிறார்கள். என் வண்டியில் இல்லை. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

திரையின் சுபாவம்

மீட்டரை மாற்ற நான் சட்டென்று ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. அந்தத் திரைமேல் எனக்கு ஏற்கனவே நம்பிக்கை போயிருந்தது. உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் நடுவில் மை கொட்டியதுபோல ஒரு கறை பரவியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிக் காற்றுப் பட்டதும் தானாகக் கலைந்துவிடும். புதிதாக ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டியபோது, தலையை ஒரு பக்கம் சாய்த்தால் திரை முழுக்க இருண்டது. பனி கொட்டும் அதிகாலையில் எண்கள் ஒன்றன் மேல் ஒன்று இழுவிக்கொண்டு மாறின. இதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி, ‘இந்த டிஸ்ப்ளே சரியில்லை’ என்று பெயர் எழுதி வைத்திருந்தேன். மணி ஒன்றாவதும் அந்த மூட்டைக்குள் போய்விட்டது.

ஆனால் மூட்டையில் இருந்தவற்றில் மூன்று, கோளாறே கிடையாது. கறுப்பு-வெள்ளை எல்சிடி ஆனாலும் வண்ண டிஎஃப்டி ஆனாலும் உள்ளே இருப்பது திரவப் படிகம். 1888-ல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் ஒரு பொருளைச் சூடேற்றியபோது, அது 145 டிகிரிக்குச் சற்று மேலே உருகிக் கலங்கலாக நின்றது, 178-ஐத் தாண்டியதும் இரண்டாம் முறை மாறித் தெளிந்தது. கலங்கிய அந்த இடைநிலைதான் திரவப் படிகம். அந்த நிலையில்தான் அதன் மூலக்கூறுகள் வரிசையாக நின்று, ஊடே போகும் ஒளியைத் திருப்பிவிடும். திரைகளில் இருக்கும் கலவைக்கும் அப்படி ஒரு மேல் எல்லை உண்டு, இதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில். அதைத் தாண்டினால் வரிசை கலைந்து சாதாரணத் திரவமாகிவிடும். ஒளியைத் திருப்ப ஆளில்லாமல் அந்த இடம் கறுத்துப்போகும். ஆறினால் வரிசை தானாகத் திரும்பும். குளிரில் அதே மூலக்கூறுகள் மந்தமாகத் திரும்புவதால் எண்கள் இழுவுகின்றன. திரையின் முன்னும் பின்னும் ஒரே திசையில் அசையும் ஒளியை மட்டும் விடும் தகடுகள் ஒட்டியிருக்கின்றன. என் கறுப்புக் கண்ணாடியும் அதே வகைத் தகடுதான். இரண்டும் குறுக்காக நின்றால் ஒளி வர வழியில்லை. கண்ணாடியை மாற்றினேன், முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பழைய கறுப்பு-வெள்ளை எல்சிடியில் பின்புறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் ஓர் அடுக்கு இருக்கும். வெயில் ஏற ஏற அது தெளிவாகும். வண்ணத் திரையோ தன் பின்விளக்கை வைத்துக்கொண்டு சூரியனோடு போட்டி போட வேண்டும், தோற்கவும் செய்யும். ஓட்டும்போது நமக்குத் தேவை ஒரு பார்வையில் விழும் தகவல். முள் வைத்த மீட்டரில் எண்ணைப் படிக்கவே வேண்டாம். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது ஓரக் கண்ணுக்கே போதும். வண்ணத் திரை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. வெயிலில் அதில் எதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று வெயிலில் ஓட்டும் ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

பீப் அடித்த ஒயர்

மீட்டருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வாரம் இருந்தது. அந்த இடைவெளியில் பழைய ஸ்கூட்டர் காலத்திலிருந்து தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவருக்குப் போன் செய்தேன். இப்போது வேலையை விட்டுவிட்டார், வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆறுதலுக்குத்தான் கூப்பிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“எர்த் பாத்தீங்களா தம்பி?”

“பாத்தாச்சுண்ணே. மல்ட்டிமீட்டர் வெச்சு கன்டினியூட்டி பாத்தாங்க. பீப் அடிச்சுது.”

“பீப் அடிச்சா ஒயர் இருக்குன்னு அர்த்தம். தாங்குமான்னு அதுக்குத் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போது அளந்து பாருங்க.”

போனை வைத்துவிட்டு வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எர்த் என்பது கரண்ட் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிப் போகும் பாதை. கன்டினியூட்டி என்பது அந்தப் பாதை அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கன்டினியூட்டி பார்க்கும்போது மல்ட்டிமீட்டர் ஒயருக்குள் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது அதே பாதையில் நூறு ஆம்பியரை ஒட்டிக்கூடப் பாயும். பாதையில் எங்கோ ஓர் இடத்தில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், நூறு ஆம்பியரில் ஒரு வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். சாதாரண மல்ட்டிமீட்டருக்கு ஓமில் நூறில் ஒரு பங்கு என்பது பூஜ்யம்தான். அது மகிழ்ச்சியாகப் பீப் அடிக்கும். ஒற்றையடிப் பாலத்தில் ஓர் எறும்பை நடக்கவிட்டுப் பார்த்து, லாரி போகலாம் என்று சொன்னதுபோல ஆகியிருந்தது எங்கள் பரிசோதனை.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினேன். சீட்டைக் கழற்றி, முன் கவுலைக் கழற்றி, மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டை வெளியே இழுத்தேன். அளக்கும் நேரம் இன்ஜின் பிடித்துக்கொள்ளக் கூடாது. மூன்று நான்கு நொடி வெறுமனே சுற்ற வேண்டும். என் வண்டியில் பம்புக்குத் தனி ஃப்யூஸ் இருந்ததால் அதைப் பிடுங்கி வைத்தேன். மல்ட்டிமீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் ஒன்று உண்டு, அதை அழுத்தினேன். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும். செல்ஃப் அடித்தபோது 10.6. நல்ல பேட்டரிக்கு அழகான எண். அடுத்து மீட்டர் சாக்கெட்டில், ஒயர் நுழையும் பக்கமாக இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகி அதிலிருந்து. செல்ஃப் அடித்தேன். 8.6.

பேட்டரியில் 10.6 இருக்கும் அதே நேரத்தில் மீட்டருக்குப் போய்ச் சேர்வது 8.6. அதுவும் மல்ட்டிமீட்டர் காட்டியது நிதானமான அளவு. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் முதல் கணத்தில்தான் கரண்ட் உச்சத்தில் இருக்கும்; அந்தப் பள்ளம் இன்னும் ஆழமானது, நொடியில் ஒரு துளி நேரம், என் மல்ட்டிமீட்டருக்கு அது எட்டாது. மீட்டருக்கு எட்டியது. அந்தப் பள்ளத்தில்தான் தினமும் காலையில் அது விழுந்து எழுந்துகொண்டிருந்தது. நான்கு மாதமாக நான் குற்றவாளியாக நிறுத்தியிருந்த பொருள், தனக்கு நேர்வதை உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு படபடத்தது. இரண்டு வோல்ட் எங்கே போகிறது என்று தேடுவதுதான் பாக்கி.

ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை மீட்டர் சாக்கெட்டின் பிளஸ்ஸிலும் வைத்துச் செல்ஃப் அடித்தேன். 0.2. பரவாயில்லை, இடையில் ஃப்யூஸும் இக்னிஷன் சுவிட்சும் இருக்கின்றன. அடுத்து பேட்டரியின் மைனஸிலிருந்து இன்ஜின் உடம்புக்கு. இங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் வர வேண்டும். கட்டைவிரல் கனத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் இரண்டையும் நேராக இணைக்கிறது. செல்ஃப் அடித்தேன். 1.8 வோல்ட். மறுபடி அடித்தேன். 1.8. அந்தக் கறுப்பு ஒயர் இன்ஜினில் முடுக்கப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டியின் மற்ற எர்த் ஒயர்களும் சேர்கின்றன. ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் இன்ஜின் மொத்தமும் பேட்டரியின் மைனஸை விட 1.8 வோல்ட் மேலே தூக்கி நின்றது. அதோடு மீட்டரின் எர்த்தும் தூக்கி நின்றது.

பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றினேன். எப்போதும் அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும். பிறகு கியர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் போல்ட்டைத் தேடினேன். தலை பளபளப்பாக இருந்தது. 10 எம்எம் ஸ்பேனருக்கு இறுக்கமாகத்தான் பட்டது. கழற்றி ஒயரின் வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெளிறிய பச்சைப் பொடி. வளையம் உட்காரும் இடத்தில், இன்ஜின் உடம்பில், வெள்ளி நிறப் பெயின்ட் ஒரு படலமாக அப்படியே இருந்தது. வளையத்தின் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஓரிடம் மட்டும் உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கிறது. அந்தக் கீறல் வழியாகத்தான் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மொத்தக் கரண்ட்டும் தினமும் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பொடி சேரச் சேர அதுவும் அடைபட்டு வந்திருக்கிறது.

உப்புத்தாளால் வளையத்தைச் செம்பு தெரியும் வரை தேய்த்தேன். இன்ஜினில் பெயின்ட் போய் அலுமினியம் மின்னும் வரை தேய்த்தேன். துடைத்து, முடுக்கி, ஈரம் உள்ளே போகாமல் மேலே கிரீஸ் பூசினேன். இருபது நிமிட வேலை. பேட்டரியை மாட்டி மறுபடி அளந்தேன். மைனஸ் பக்கம் 0.1. மீட்டர் சாக்கெட்டில் 10.0. பேட்டரி முனைகளில் முன்பு 10.6 இருந்தது இப்போது 10.3. இது என்ன, பேட்டரி கெட்டுவிட்டதா என்று ஒரு நிமிடம் குழம்பினேன். பிறகுதான் பிடிபட்டது: ஸ்டார்ட்டருக்கு இப்போதுதான் முழுக் கரண்ட் கிடைக்கிறது, அதனால் பேட்டரியும் முன்பை விடக் கூடுதலாகக் கொடுக்கிறது. காதுக்கே தெரிந்தது. இழுத்து இழுத்துச் சுற்றிய மோட்டார் இப்போது ஒரே மூச்சில் சுற்றியது. பம்ப் ஃப்யூஸைப் போட்டுச் செல்ஃப் அடித்தேன். இன்ஜின் பிடித்தது. திரை கண் சிமிட்டவில்லை. மணி 11:20.

சும்மா நிற்கும் வண்டி

அதன்பிறகு மல்ட்டிமீட்டரைக் கீழே வைக்க மனம் வரவில்லை. புது பேட்டரியும் ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்தினால் சோர்ந்துவிடுவதை ஏற்கனவே கவனித்திருந்தேன். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து நடுவில் இணைத்தேன். இப்படி இணைத்திருக்கும்போது தவறிக்கூடச் செல்ஃபைத் தொடக் கூடாது. உள்ளே இருக்கும் யூனிட்டுகள் உறங்கப் போகச் சில நிமிடம் ஆகும். அதன் பிறகு சின்ன அளவுக்கு மாற்றிப் பார்த்தால் 18 மில்லி ஆம்பியர். பார்த்தால் ஒன்றுமில்லாத எண். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 0.43 ஆம்பியர் மணி. என் பேட்டரி 8 ஆம்பியர் மணி. ஒன்பது பத்து நாளில் பாதி காலி, பதினெட்டு நாளில் மொத்தமும் காலி. ஹேண்டில்பாரில் நான் மாட்டிய யுஎஸ்பி சார்ஜர்தான் காரணம். அது நேராகப் பேட்டரியில் இணைக்கப்பட்டிருந்தது. போன் மாட்டாதபோதும் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் அந்த நீல விளக்கும் இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருந்தன. கழற்றியதும் 1.2-க்கு இறங்கியது. கடிகாரத்துக்கு அந்த அளவு வேண்டும். இப்போது சார்ஜரை ஒரு ரிலே வழியாக, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும்படி மாற்றிவிட்டேன்.

அதே ரிலேயில் ஒரு சின்ன வோல்ட்மீட்டரும் சேர்த்தேன். பவுன் நாணயம் ஐந்தை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். மூன்று இலக்கம் காட்டும். அது சொல்லிக்கொடுத்தது கொஞ்சமில்லை. நெடுஞ்சாலையில் 14.2. சிக்னலில் ஐட்லிங்கில் 13.4. அதே சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கினால் 12.6, அதாவது அந்த நேரம் வண்டி பேட்டரியிலிருந்துதான் வாங்குகிறது. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் மின்சாரம் செய்வது நிலைக்காந்தச் சுழலி. இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் கொடுக்கும். மெதுவாகச் சுற்றினால் குறைவு, வேகமாகச் சுற்றினால் தேவைக்கு மேல். மிஞ்சியதை, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர்கள் பல வெப்பமாக்கித் தீர்க்கின்றன, அதனால்தான் அதற்கு அத்தனை துடுப்புகள். என்றாவது ஒருநாள் அது பழுதானால் ஒன்று சார்ஜே ஏறாது, இல்லாவிட்டால் 15-ஐத் தாண்டிப் போய்ப் பேட்டரியையும் திரையையும் சேர்த்துச் சுட்டுவிடும். இரண்டையும் முன்கூட்டியே காட்டக்கூடியது அந்த மூன்று இலக்கம்தான். நகர நெரிசலில் மட்டுமே தினம் பத்து நிமிடம் ஓடும் வண்டிக்குப் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது என்ற கேள்விக்கும் பதில் அதில் இருக்கிறது.

வண்டி செய்கிறவர்களிடம் நான் கேட்பது புதிதாக ஒரு சென்சார் இல்லை, ஒயர் இல்லை. இசியு ஏற்கனவே அளந்து வைத்திருக்கும் எண்ணை, ஏற்கனவே இருக்கும் கேன் ஒயர் வழியாக, ஏற்கனவே இருக்கும் திரைக்கு அனுப்புங்கள். மணிக்குப் பக்கத்தில் ஒரு மூலை போதும். செல்ஃப் அடித்தபோது எவ்வளவு தூரம் இறங்கியது என்பதையும் ஒரு வரியில் வைத்துக் காட்டினால், எத்தனையோ பேர் தேவையில்லாமல் பேட்டரியும் மீட்டரும் மாற்றுவது நிற்கும். வெறிச்சோடிய சாலையில் ராத்திரி நேரம் வண்டி உயிர் விடுவதும் குறையும். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டாத வண்டியை நாம் இன்று ஏற்றுக்கொள்வோமா? பேட்டரியும் இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

போன வாரம் நண்பன் ஒருவன் வண்டியில் வந்து இறங்கினான். பேசிக்கொண்டே அவன் மீட்டரைப் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணி, திரையில் 1:25.

“மணி ஏன்டா தப்பா இருக்கு?”

“அது எப்பவும் அப்படித்தான். செட் பண்ணப் பண்ண போயிடுது.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

உள்ளே போய் மல்ட்டிமீட்டரையும் 10 எம்எம் ஸ்பேனரையும் உப்புத்தாளையும் எடுத்து வந்தேன். எர்த்தாகத்தான் இருக்கும் என்று நிச்சயமாக நினைத்தேன். அவனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்தேன். 0.1. பேட்டரி முனைகளில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.6, செல்ஃப் அடித்ததும் 7.9. அவன் வண்டியில் பேட்டரிதான். உப்புத்தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்ஜினை அணைக்காமல் நேராகப் போய்ப் பேட்டரியை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போ என்று அவனை அனுப்பி வைத்தேன்.